இரண்டாவது தாளில் எழுதிய பெயர்

என் தங்கச்சி செத்துவிட்டாள் என்று முடிவெடுத்தது நான்தான். அம்பாள் அடியார்களான உங்கள் முன்னால் முதலில் அந்தக் குற்றத்தைச் சொன்னால்தான் மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

இந்த 2009ஆம் ஆண்டின் தொடக்கம். வன்னியில் சண்டை உக்கிரமாக நடந்த நேரம். என் தங்கச்சி வாணி தன் ஒரே மகன் நிலவனோடு அதற்குள் அகப்பட்டிருந்தாள். கணவரை முந்தியே இழந்தவள். நிலவனுக்கு ஒன்பது வயது. மாசி மாதம் கடைசியாகத் தொலைபேசி எடுத்தாள். “அக்கா, பங்கருக்குள்ள இருக்கிறம். பிறகு எடுக்கிறன்” என்றாள். அவ்வளவுதான்.

நான் நோர்வேயில், ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் தமிழ் வானொலிக்குப் போவேன். இரண்டு மணித்தியால நிகழ்ச்சி. முதலில் நேயர் விருப்பப் பாடல்கள், பிறகு பகிடி, பிறகு நாடகம், கடைசியில் தேவாரமும் பிரார்த்தனையும். பகிடியில் நான்தான் ‘விடுப்பு மாமி’. ஊர்ப் புதினம் எல்லாம் கிண்டி எடுக்கிற மாமி. “எனக்குத் தெரியாததோ?” என்று மாமி இழுத்துக் கேட்டால் கடைத்தெருவிலும் ஆட்கள் சிரிப்பார்கள். ஒஸ்லோவில் யார் வீட்டில் சோபா மாற்றினாலும் மாமிக்குத் தெரியும். சொந்தத் தங்கச்சி இருக்கிறாளா இல்லையா என்பது மட்டும் தெரியாது.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ராசன் அண்ணை பகிடியை நிறுத்தத்தான் நினைத்தார். “அங்கை சனம் சாகுது, இஞ்சை என்ன பகிடி?” என்று சிலர் ஏசினார்கள். வேறு சிலர், “அந்தப் பத்து நிமிசந்தான் மூச்சு விடுறம், நிப்பாட்டிப் போடாதேங்கோ” என்று கெஞ்சினார்கள். ஆகவே தொடர்ந்தது. நான் வேலைக்குப் போகும் ரயிலில் அழுவேன். ஞாயிற்றுக்கிழமை மாமியாகச் சிரிப்பேன்.

பிரார்த்தனைக்கு இரண்டு தாள்கள் வைத்திருந்தோம். முதல் தாளில் தொடர்பு இல்லாதவர்கள், காயப்பட்டவர்கள். இரண்டாவது தாளில் இறந்தவர்கள். ஊர், தகப்பன் பெயர், பிறகு ஆளின் பெயர். எங்கள் சனம் அப்படித்தானே ஆளை அறியும்! பங்குனி தொடங்கி ஒவ்வொரு கிழமையும் முதல் தாளில் என் கையாலேயே எழுதினேன்: தெல்லிப்பளை, சின்னத்துரை மகள் வாணி, பேரன் நிலவன். எழுதும்போதெல்லாம் ஒரே வேண்டுதல். தாயே, அவளின் குரலை ஒருக்கால் கேட்க விடு, வேறொன்றும் கேட்கமாட்டேன்.

வைகாசி பிறந்தது. பாராளுமன்றத்துக்கு முன்னால் கவனயீர்ப்புப் போராட்டத்தில் நின்றபோது ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். வாணி இருந்த இடத்தில் ஷெல் விழுந்து ஒருவரும் மிஞ்சவில்லையாம். அவர் கண்டவர் அல்ல, யாரோ சொல்லக் கேட்டவர். எனக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்பாள் படத்தின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். “உன்னட்டை என்ன பெருசாக் கேட்டனான்?” என்று கத்தினேன். விளக்கும் வைக்கவில்லை.

அந்த ஞாயிறும் வானொலிக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். இரண்டாவது தாளை எடுத்து வாணியின் பெயரை எழுதினேன். நிலவனின் பெயரை எழுதக் கை வரவில்லை. பச்சைப் பிள்ளை. அவன் பெயரை முதல் தாளிலேயே விட்டேன். பிறகு மைக்குக்கு முன்னால் போய், “எனக்குத் தெரியாததோ?” என்று இழுத்தேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

நாடகம் முடிந்தது. ராசன் அண்ணை இரண்டு தாள்களையும் வாசித்தார். வாணியின் பெயர் வந்ததும் நான் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அங்கே தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

“வானொலிதானே? உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஏன் ஆத்மசாந்தி கேக்கிறியள்? உடனை நிப்பாட்டுங்கோ!”

நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரில் இருந்து இணையத்தில் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்கிற ஒரு அக்கா. முன்பின் அறியாதவர். அவரின் தம்பி முதல் நாள் வவுனியா முகாமில் இருந்து கதைத்திருக்கிறார். பக்கத்துக் கூடாரத்தில் தெல்லிப்பளை வாணி என்று ஒரு பிள்ளையாம். தமக்கையின் நம்பர் எழுதின கொப்பி, தப்பி வரும்போது தண்ணீருக்குள் போய்விட்டதாம்.

“தமக்கைக்காரி ஒஸ்லோ ரேடியோவிலை விடுப்பு மாமியாய் வாறவவாம். அவவோட கதைக்கவேணும். அப்ப தொடங்கி அடிக்கிறன், பாட்டுக் கேக்கிற ஆக்கள் லைனை விட்டால்தானே!”

நான்தான் அந்த மாமி என்று சொன்னேன். பிறகு, “பிள்ளை? நிலவன்?” என்று கேட்டேன்.

“அதை அவவே சொல்லுவா, தங்கச்சி” என்றார் அந்த அக்கா.

ராசன் அண்ணை தேவாரத்தை இடையில் நிறுத்தி, “மன்னிக்கவேணும் நேயர்களே, வாணி இருக்கிறா” என்று அறிவித்தார். அவரும் அழுதார். நான் வீட்டுக்கு ஓடிப்போய் அம்பாளைத் திருப்பி வைத்து, நிலத்தில் விழுந்து கிடந்தேன்.

மூன்றாம் நாள் வாணியின் குரல் வந்தது. “அக்கா” என்றாள். கன நேரம் இருவரும் அழுதோம். நிலவன் பங்குனியிலேயே போய்விட்டான். பாதை ஓரத்தில் தாட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

“என்ர பிள்ளைக்கு ஒரு தேவாரம் படிக்கவும் ஆளில்லை, அக்கா” என்றாள்.

அவன் மண்ணுக்குள் கிடந்த நாட்களில்தான் நாங்கள் அவன் உயிருக்காகக் கிழமைக்குக் கிழமை கும்பிட்டிருக்கிறோம். இருந்தவளை இரண்டாவது தாளில் எழுதினேன். இல்லாதவனை முதல் தாளில் விட்டேன். இரண்டும் பிழை.

அடுத்த ஞாயிறு இரண்டு பெயர்களையும் மாற்றி எழுதினேன். ஸ்தவாங்கர் அக்காவின் தம்பி தன் கைபேசியை வாணியின் காதில் வைத்துக்கொண்டிருந்தார். இங்கே நான் தொலைபேசியை மைக்குக்குக் கிட்டப் பிடித்தேன். ராசன் அண்ணை நிலவனின் பெயரை வாசித்தார். அன்றைக்கு வந்திருந்த எல்லோரும், நாடகக்காரர் உட்பட, சேர்ந்து தேவாரம் படித்தோம். மறுமுனையில் வாணியும் மெல்லச் சேர்ந்து படித்தாள். அந்தக் குரலைத்தான் நான் வேண்டியிருந்தேன். அம்பாள் தந்துவிட்டாள்.

பிள்ளையையும் தந்திருக்கலாமே என்று இன்றைக்கும் அவளோடு சண்டை பிடிக்கிறேன். ஆனால் முகத்தைத் திருப்பி வைப்பதில்லை, விளக்கும் அணைவதில்லை. வாணி இன்னும் முகாமில்தான் இருக்கிறாள்.

உங்களில் எத்தனையோ பேருக்கு இன்னும் ஒரு செய்தியும் வரவில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வந்து எங்களோடு இருந்து கும்பிடுங்கள். உங்கள் ஆளின் பெயரை முதல் தாளிலேயே விட்டுவையுங்கள். இரண்டாவது தாளில் என்னைப்போல் அவசரப்பட்டு எழுதாதேங்கோ.