பாட்டை நிறுத்தச் சொன்ன தனபால்

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய என் கிளினிக்கில், மேசைமேல் நின்றிருந்த ஒரு பொமரேனியனின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கைபேசியில் தனபாலின் மனைவி கோமதியின் பெயர் வந்தது.

"டாக்டரம்மா, முடிஞ்சிடுச்சு."

மூன்று நாட்களாக அந்த அழைப்புக்குத்தான் காத்திருந்தேன். வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு காத்திருந்ததாகச் சொல்ல ஆசைதான். உண்மை அப்படியில்லை. சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்றே வேண்டிக்கொண்டேன். அந்த நோயைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கரூர் பைபாஸ் சாலையில் கார்களுக்கு ஆடியோ சிஸ்டம் பொருத்தும் கடை வைத்திருந்த தனபாலை உங்களில் பலருக்குத் தெரியும். நாற்பத்தேழு வயது. நான் கால்நடை மருத்துவர். அவர் கடைக்கு நான் வாடிக்கையாளர். என் கிளினிக்குக்கு அவர் வாடிக்கையாளர். எட்டு வருடப் பழக்கம். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவராமல் நேராக ஓயாமாரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் உங்களில் நிறையப் பேரால் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. என்ன நடந்தது என்று ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நடந்ததை அறிந்த நான் அதை எழுதிவிடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

முதன்முதலில் அவரிடம் போனது என் பழைய காரில் பாட்டு இரைச்சலாகக் கேட்கிறது என்பதற்காக. புது ஸ்பீக்கர் போடுங்கள் என்றேன். அவர் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "காவிரிப் பாலம் வரைக்கும் ஓட்டுங்க டாக்டரம்மா" என்றார். போகும்போது கண்ணை மூடிக்கொண்டு கதவில் உள்ளங்கையை வைத்திருந்தார். திரும்பி வந்ததும், "உங்க ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. கதவுத் தகடுதான் கூடச் சேர்ந்து பாடுது. முதல்ல அதை வாயை மூட வைப்போம்" என்றார். கதவைப் பிரித்து உள்ளே கனமான ரப்பர் ஷீட்டை ஒட்டினார். பழைய ஸ்பீக்கர்களே திரும்ப ஏறின. அன்று அந்தக் காருக்குள் ஒரு வீணையின் நரம்பு அதிர்ந்து அடங்குவதை முழுதாகக் கேட்டேன். அவர் வெளியே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை போடுங்க, இன்னொரு தடவை" என்றார். எந்த வண்டி முடிந்தாலும் அவர் சொல்வது அதுதான்.

கடை வாசலில் எப்போதும் நான்கு தெருநாய்கள் படுத்திருக்கும். ஒருமுறை ஒருவர் புது வண்டியின் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு, சாலையே அதிரும்படி சத்தத்தைக் கூட்டினார். நாய்கள் சிதறி ஓடின. தனபால் குனிந்து கையை நீட்டி, தானே சத்தத்தைக் குறைத்தார். "சார், கதவைச் சாத்திக்கிட்டுக் கேளுங்க. நமக்குப் பாட்டு, அதுங்களுக்கு இடி" என்றார். அந்த ஆள் முகம் சுளித்தார். தனபால் நாய்கள் திரும்பி வரும்வரை சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் வீட்டில் டிக்கி இருக்கிறது. யாரோ ஒரு வாடிக்கையாளரின் கார் டிக்கிக்குள் எப்படியோ ஏறித் தூங்கிப்போய்க் கடைவரை வந்துசேர்ந்த நாய்க்குட்டி. அதனால் அந்தப் பெயர். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். குட்டியாக இருந்தபோது ரத்தபேதி வந்து பிழைக்காது என்ற நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து நாள் காலையும் மாலையும் வந்து டிரிப்ஸ் முடியும்வரை பக்கத்தில் நின்றார். பிழைத்தது. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு நான் நினைவூட்ட வேண்டியதே இல்லை. "தேதி வந்துடுச்சு டாக்டரம்மா" என்று அவரே வந்து நிற்பார்.

இனிச் சொல்லப்போவதை நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கமிருந்து சொன்னாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு முக்கொம்புக்குப் போயிருக்கிறார். வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு நாய்க்குட்டி வாயை மூட முடியாமல், எச்சில் ஒழுகக் கிடந்தது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வலது கை விரலை உள்ளே விட்டுத் தேடியிருக்கிறார். எலும்பு இல்லை. குட்டியைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். டிக்கி அதை நக்கிக் கொடுத்தது. மூன்றாம் நாள் குட்டி செத்துப்போனது.

இதை அவர் என்னிடம் சொன்னது பத்து நாள் கழித்து. டிக்கிக்குக் காதில் புண் என்று வந்தவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"எலும்பு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஆனா முழுங்கவே முடியல, பாவம்."

என் கை நின்றுவிட்டது. அவர் விரல்களைப் பார்த்தேன். ஒயர் சீவிச் சீவி அந்த விரல்களில் எப்போதும் வெட்டுக்காயம் இருக்கும்.

"தனபால், இப்பவே கெவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போகாதீங்க, கடைக்குப் போகாதீங்க. நாய்க்கடி ஊசி போடற இடத்துல நடந்ததைச் சொல்லுங்க."

"கடிக்கலியே டாக்டரம்மா. பச்சைக் குட்டி."

"எச்சில் போதும். வாய் பேசாம போங்க" என்று சத்தம் போட்டேன். சத்தம் போடுவது என் வழக்கம் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். அவர் போனார். அன்றே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார்.

அந்தக் குட்டியோடு பழகிய டிக்கிக்கும் நான் ஊசி தொடங்கினேன். ஐந்து ஊசிகள், ஒரு மாதத்துக்குள். ஐந்து நாளும் தனபால் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து முறை என் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, டிக்கியின் தலையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை வந்தபோது, "உங்களுக்கும் ஊசி போயிட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"போட்டாச்சு டாக்டரம்மா."

போயிட்டிருக்கா என்பதற்குப் போட்டாச்சு என்பது பதில் அல்ல. அன்று வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் அடுத்த நாயைக் கூப்பிட்டேன்.

சித்திரை வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவர் போன் செய்தார். "வலது கையில எறும்பு ஊர்ற மாதிரியே இருக்கு டாக்டரம்மா. ரெண்டு நாளாத் தூக்கமும் இல்ல. ஒயர் இழுத்து இழுத்து நரம்பு சுருட்டிக்கிச்சு போல. உங்களுக்குத் தெரிஞ்ச நரம்பு டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"எந்தக் கை?" என்றேன். அவர் சொல்லியும் கேட்டேன்.

கிளினிக்கைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பாலத்தைத் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலைய நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது, நரம்புதான், நரம்புதான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

கடை வாசலில் ஒரு வாடிக்கையாளர் காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதிகச் சத்தம்கூட இல்லை. தனபால் வெளியே நின்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தார். "நிறுத்துங்க சார். தயவு செஞ்சு நிறுத்துங்க" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கடைக்குள் போனோம். அந்த வெக்கையில் மின்விசிறி நின்றிருந்தது.

"ஃபேன் ஏன் ஓடல?"

"காத்து பட்டா கழுத்து இறுக்குது டாக்டரம்மா."

மேசையில் டீ ஆறி ஏடு படிந்து கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் டம்ளர். "ஒரு வாய் குடிங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் என்னை நொந்துகொள்கிறேன். எனக்குத்தான் உறுதி தேவைப்பட்டது. அவர் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். அவ்வளவுதான். தொண்டை இழுத்துக்கொண்டு உடம்பே உதறியது. டம்ளர் கீழே விழுந்தது. அவர் தண்ணீரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

என் காரிலேயே அவரை அழைத்துப் போனேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி.யை அணைத்துவிட்டு. இருவருக்கும் வியர்வை வழிந்தது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"அந்தக் குட்டியா?"

பொய் சொல்லத் தோன்றியது. முடியவில்லை. "அப்படித்தான் நினைக்கிறேன். எத்தனை ஊசி போட்டீங்க?"

"ஒண்ணு. அடுத்த தேதியன்னிக்குத் துறையூர்லேர்ந்து ஒரு வண்டி வந்துச்சு. மறுநாள் போலாம்னு இருந்தேன். நாலு நாள் தள்ளிப்போச்சு. அப்புறம் போனா நர்ஸம்மா திட்டுவாங்க. உங்ககிட்ட சொன்னா நீங்க திட்டுவீங்க." வலது கையைத் தேய்த்துக்கொண்டே, "காய்ச்சல் ஒண்ணும் இல்லியே, விடுன்னு விட்டுட்டேன்" என்றார்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. கண் தெரியவில்லை. அவர்தான், "ஓட்டுங்க டாக்டரம்மா, கோமதிக்கு நீங்கதான் சொல்லணும்" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "டிக்கிய யாரும் அடிச்சிடாம பாத்துக்குங்க" என்றார். தெளிவாக அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. அதற்குப் பிறகு அவரை ஒரு கதவின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அங்கே பார்த்ததை எழுத மாட்டேன். கோமதி அந்தக் கதவை விட்டு நகரவில்லை. உள்ளே விடச் சொல்லி யாரிடமும் கெஞ்சவும் இல்லை. தன் குரல் உள்ளே கேட்டால் அவருக்கு இன்னும் துன்பமாக இருக்கும் என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

தனபால் பயந்தது போலவே நடந்தது. காரியம் முடிந்த மறுநாள் தெருவிலிருந்து நான்கைந்து பேர் கோமதியின் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் கையில் கம்பு. நான் அப்போது வீட்டுக்குள் இருந்தேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. புள்ளைங்க நடமாடற தெரு. நாயை எங்ககிட்ட விட்டுடுங்க, நாங்க பாத்துக்கறோம்."

நான் எழுந்திருப்பதற்குள் கோமதி வாசலுக்குப் போய்விட்டார். டிக்கி அவர் காலுக்குப் பின்னால் நின்றது.

"இதுக்கு அஞ்சு ஊசியும் போட்டிருக்கு. அவருதான் தூக்கிட்டுப் போயிப் போட்டாரு. அவருக்கு ஒண்ணோட நின்னுபோச்சு. இதுல நாய் என்னங்க பண்ணும்? கம்பைக் கீழ போட்டுட்டுப் பேசுங்க."

கம்பு வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சற்று நேரம் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். டிக்கியை யாரும் தொடவில்லை. ஆனால் கடை வாசலில் படுத்திருந்த நான்கு நாய்களில் இரண்டு மறுநாள் காலை இல்லை. அக்கம்பக்கத்துக் கடைகளில் விசாரித்தேன். தெரியாது என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். மிஞ்சிய இரண்டுக்கும் அன்றே ஊசி போட்டேன். மூடிக்கிடந்த ஷட்டரின் முன் சாலைப் புழுதியில் உட்கார்ந்து, அவற்றைக் கோமதிதான் பிடித்துக்கொண்டார்.

தனபாலிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், ஒரு பயம். யாராவது சாதாரணமாக ஒன்றைச் சொல்லும்போதும் விடாமல் துருவிக் கேட்க வைக்கும் பயம். தூங்கவும் சில நாள் விடுவதில்லை. மனநல மருத்துவரான என் தோழி இதற்கு மருந்து இருக்கிறது என்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் போய் எனக்குக் கிடைத்தது இது. இதைப் போக்கிக்கொண்டால் அவர் ஒன்றுமில்லாமல் போனதாகிவிடும்.

போன வாரம் பக்கத்திலுள்ள மேலூரிலிருந்து வாழை விவசாயி ஒருவர் பசுவுக்கு மருந்து வாங்க வந்தார். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். கேட்டேன். தோப்பில் ஏதோ நாய் பிறாண்டியது, மஞ்சள் வைத்திருக்கிறேன், சரியாகிவிடும் என்றார். அவரை நான் திட்டவில்லை. இப்போதெல்லாம் யாரையும் திட்டுவதில்லை. கட்டைப் பிரித்து, குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கிளினிக்கைப் பூட்டினேன். தண்ணீர் பாய்ச்சும் முறை இன்றைக்கு, நாளைக்குப் போகிறேன் என்றார். வண்டிக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அடுத்த ஊசிக்கு அவரை அழைத்துப்போக நாளைக் காலை மேலூருக்குப் போகிறேன். திட்டட்டும்.