தாளின் தலையில் ஒரு சிலுவை

இந்த நாட்டில் சிலர் வாக்குப் போட நாயோடு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நாயை நடக்கக் கூட்டிப்போகிற வழியில் வாக்களிப்பு நிலையத்துக்குள் நுழைந்து, மட்டை மறைப்புக்குப் பின்னால் குனிந்து ஒரு புள்ளடி போட்டு, சீட்டை மடித்துப் பெட்டிக்குள் இட்டுவிட்டு, அப்படியே பாண் வாங்கப் போய்விடுவார்கள். வாசலில் துவக்கோடு ஒருவரும் நிற்பதில்லை. விரலில் மை பூசுவதில்லை. எங்கள் பகுதிக்குரிய நிலையம் ஒரு பாலர் பாடசாலை. கதிரைகள் முழங்கால் உயரம், சுவரில் பிள்ளைகள் வரைந்த முள்ளம்பன்றிகள். பேனையை மட்டும் நூலால் மேசையோடு கட்டியிருப்பார்கள். ஆளை இவ்வளவு நம்புகிறவர்கள் பேனை விஷயத்தில் ஏன் நம்பவில்லை என்று முதல் முறை எனக்குச் சிரிப்பு வந்தது.

எனக்குத் தேர்தல் என்றால் பைத்தியம், மறைக்க ஒன்றுமில்லை. ஜேர்மனியின் ஆஹென் நகரில் படித்த காலத்தில் மாணவர் பாராளுமன்றத்துக்கு வாக்குப் போட்டேன். விடுதிப் பிரதிநிதிக்குப் போட்டேன். சலவை இயந்திரத்தை எந்த மாடியில் வைப்பது என்பதற்கும் போட்டேன். குடியுரிமை கிடைத்ததும் என் வயதுக்காரர்கள் புதுப் பாஸ்போர்ட்டோடு எந்தெந்த நாட்டுக்கு விசா இல்லாமல் போகலாம் என்று பட்டியல் போடுவார்கள். நான் அந்தக் கிழமையே வால்ஹெல்ஃபராக, அதாவது வாக்கு எண்ணும் உதவியாளராக, பெயர் பதிந்தேன்.

ஊரில் நான் பார்த்த ஒரே தேர்தல் அம்மாவின் சின்னவிரல்தான். மன்னாரில் இருந்தோம், எனக்கு ஆறு வயது. அம்மா காலையில் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தார். பின்னேரம் கிணற்றடியில் குந்தியிருந்து இடதுகைச் சின்னவிரலைத் தேசிக்காயாலும் சாம்பலாலும் மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்ததே தவிர மை போகவில்லை. வாக்குப் போடாதே என்று சொன்னவர்களும் ஊரில் இருந்தார்கள், கட்டாயம் போடு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இரண்டு பகுதியும் வந்தால் பார்ப்பது விரலைத்தான். இரண்டு கிழமை அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்களிடம் கத்தி வெட்டிப்போட்டுது என்றார்.

போன வருடம் எங்கள் சின்ன நகரத்தின் சபை, தெருமுனையில் பூட்டிக்கிடக்கும் பழைய பள்ளிக்கூடத்தை அகதிகள் தங்கும் ஹைமாக மாற்றுவதென்று முடிவெடுத்தது. பிடிக்காதவர்கள் வீடு வீடாகக் கையெழுத்துச் சேர்த்தார்கள். போதிய கையெழுத்துச் சேர்ந்தால் நகரத்து மக்களே நேரடியாக வாக்குப் போட்டுச் சபையின் முடிவைக் கவிழ்க்கலாம். பியூர்கர்என்ட்ஷைட் என்று அதற்குப் பெயர். ஆளைத் தெரிவுசெய்துவிட்டு ஐந்து வருடம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, கேட்ட கேள்விக்கு நேரே பதில். எதற்காக இந்த வாக்கெடுப்பு வருகிறது என்பதையே கொஞ்ச நாள் மறந்து நான் அதன் அழகில் மயங்கிக் கிடந்தேன்.

சீட்டில் இருந்த கேள்வி ஒரு சிக்கலான கேள்வி. சபையின் முடிவை நீக்கவேண்டுமா என்பதுதான் அது. ஆம் என்று போட்டால் ஹைம் வேண்டாம். இல்லை என்று போட்டால் ஹைம் வரட்டும். எங்கள் சனம் இதில் தடுமாறப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் தேவாலயத்தில் மாதத்தில் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசை முடிந்ததும், தேத்தண்ணி குடிக்கிற மண்டபத்தில், நானே செய்த மாதிரிச் சீட்டுகளைப் படியெடுத்துக் கொடுத்துப் பழக்கினேன்.

"பொறு பிள்ளை. ஆம் எண்டா வேண்டாம், இல்லை எண்டா வரட்டும். கலியாணத்துக்குப் பொம்பிளையிட்டக் கேட்ட மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் பேருந்து ஓட்டுகிற சூசை அண்ணை.

"அக்கா உங்களுக்கு நேரா ஓம் எண்டு சொன்னதாலதானே இவ்வளவு கஷ்டப்படுறா" என்றேன். மண்டபம் சிரித்தது. சூசை அண்ணையின் மனைவிதான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தார்.

"சரி, எதுக்குப் போடோணும் எண்டு நீ இன்னும் சொல்லேல்லையே?"

"அதை நான் சொல்லக்கூடாது அண்ணை. விளங்கிப் போடுங்கோ, எனக்கு அது காணும்."

அந்த நடுநிலைமை பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையில் சொல்லவேண்டிய தேவையே இல்லை என்று நினைத்திருந்தேன். மண்டபத்தில் இருந்த எல்லாரும் ஒரு காலத்தில் ஏதோவொரு ஹைமில் இருந்தவர்கள். நானும் அம்மாவும் இரண்டு வருடம் இருந்தோம். கதவைத் திறப்பதா பூட்டுவதா என்று எங்களிடம் கேட்டால் பதில் என்னவாக இருக்கமுடியும்? எல்லாரும் கேள்வியை விளங்கிக்கொண்டார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். விளங்கிக்கொண்டிருந்தார்கள். மாதிரிச் சீட்டுகளைத் திருப்பி வாங்கி வட்டத்துக்குள் புள்ளடி விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். வட்டத்தை மட்டும்தான் பார்த்தேன்.

வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை முன்னர், கீழ்வீட்டு ஃபிரவ் ஹார்ட்மன் மாடிப்படியில் அம்மாவை மறித்து ஒரு நோட்டீஸ் கொடுத்தார். நல்ல மனிசி. நாங்கள் வீட்டில் இல்லாதபோது எங்கள் பார்சல்களை வாங்கி வைப்பவர். நோட்டீசில் பள்ளிக்கூடத்தின் படமும் மேலே கறுப்பு எழுத்தில் "போதும்" என்ற சொல்லும் இருந்தன. உங்களை நான் சொல்லவில்லை, நீங்கள் வேறு, என்று ஃபிரவ் ஹார்ட்மன் அம்மாவின் கையைத் தட்டினார். அம்மா டாங்கே என்றார்.

உள்ளே வந்ததும் நான் வெடித்தேன். "என்னத்துக்கு நன்றி சொன்னனீங்கள்?"

"வேற என்னத்தைச் சொல்லுறது? தந்தா நன்றி சொல்லுறதுதானே."

"அம்மா, அவ சொன்னது விளங்கினதோ?"

"ஜேர்மன் விளங்காமலோ பதினெட்டு வரியம் கிழவர்களுக்குச் சாப்பாடு தீத்திறன்?" முதியோர் இல்லத்தில்தான் அம்மாவுக்கு வேலை. நோட்டீசை நான்காக மடித்துத் தொலைபேசிக்கு அருகே வைத்தார். எங்கள் வீட்டில் ஒருபக்கம் வெறுமையாக உள்ள தாள் எதுவும் குப்பைக்குப் போகாது. "அந்தப் பள்ளிக்கூடத்தில நாளைக்கு ஒரு சண்டை, ஒரு களவு எண்டு வைப்பம். ஆரைப் பாப்பினம் எண்டு நினைக்கிறாய்? கறுத்தத் தலை எல்லாம் ஒண்டுதான் அவைக்கு. அவ சொல்லுற அந்த வேறு எண்டது எத்தினை நாளைக்கு?"

"அதுக்காகக் கதவைப் பூட்டுறதோ?"

அம்மா குசினிக்குள் போனார். எனக்கு நாங்கள் இருந்த ஹைமின் கதவு நினைவுக்கு வந்தது. ஒரு பின்னேரம் வெளியே நாலைந்து பேர் நின்று பாட்டுப் பாடினார்கள். எனக்கு அப்போது மொழி தெரியாது, விழா என்று நினைத்து ஜன்னலடிக்கு ஓடினேன். அம்மா என்னைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டு, தனியாளாக அலுமாரியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே வைத்தார். அந்த அலுமாரியைத் திருப்பி எடுக்க அடுத்த நாள் இரண்டு ஆண்கள் வேண்டியிருந்தது. அதை அம்மா மறக்கமாட்டார், அதனாலேயே இல்லை என்றுதான் போடுவார் என்று நான் முடிவுகட்டினேன்.

வாக்கெடுப்பு நாளில் எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். உதவியாளர் மேசையில் இருந்து பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நான் பெருமையோடு கோடிழுத்தேன். சூசை அண்ணை அடையாள அட்டையை நீட்டி, என்னை முன்பின் தெரியாதவர்போல் குட்டன் டாக் என்று வணங்கினார். அம்மா பூசைக்குப் போகிற சேலையில் வந்து, என்னைப் பார்க்காமலே போட்டுவிட்டுப் போனார்.

ஆறு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். எண்ணுவதை யார் வேண்டுமானாலும் வந்து நின்று பார்க்கலாம் என்பது இங்கத்தைச் சட்டம். ஒருவரும் வருவதில்லை. அன்றைக்கு ஒருவர் வந்தார். முள்ளம்பன்றிப் படங்களுக்குக் கீழே சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் ஏழு பேர். தலைவர் ஹெர் லோரென்ஸ், ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், கடதாசியைத் தொட்டாலே நேராக்குகிறவர். அவர்தான் முதலாவதைக் கண்டார். "இது என்ன?"

சீட்டின் தலையில், நடுவில், ஒரு சின்னச் சிலுவை.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலையில் ஒரு சிலுவை போடுவார்கள். கடிதம், சோதனைத் தாள், வேலைக்கான அன்ட்ராக் விண்ணப்பம், சாமான் பட்டியல், எல்லாவற்றிலும். சிலுவை இல்லாத தாள் சட்டை போடாத ஆள்மாதிரி. ஆஹெனில் என் சோதனைத் தாளில் அதைக் கண்ட ஆசிரியர் இதில் எதோடு எதைக் கூட்டுகிறாய் என்று கேட்டிருக்கிறார். கை தானாகப் போடும், தலைக்குத் தெரியாது. பழக்குவதற்கு நான் கொடுத்த சீட்டுகளிலும் இருந்திருக்கும். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

பதின்மூன்று சீட்டுகள் வந்தன. பதினொன்றில் ஆம். இரண்டில் இல்லை. இரண்டில் ஒன்று என்னுடையது, பார்த்தவுடன் தெரிந்தது. மற்றது யாருடையது? அம்மாவின் சிலுவையை நான் எங்கே கண்டாலும் அடையாளம் காண்பேன். பத்து விநாடி பார்த்திருந்தால் போதும். எதையும் அறியத் துடிக்கிற நான், அந்தக் கட்டைக் குப்புறக் கவிழ்த்து ஹெர் லோரென்ஸின் பக்கம் தள்ளினேன். பதினொரு பேருக்குக் கேள்வி விளங்காமல் போயிருக்கும் என்று சொல்லித் தேறவும் வழியில்லை. நான் நன்றாகத்தான் படிப்பித்திருந்தேன்.

"பேனையைச் சோதித்திருப்பார்கள்" என்றார் ஒருவர்.

"பதின்மூன்று பேரும் ஒரே இடத்திலா?" என்றான் என் வயதுப் பையன் ஒருவன். "இது அடையாளம். யாரோ சொல்லிப் போடவைத்திருக்கிறார்கள்."

சீட்டில் மேலதிகமாக எதையும் எழுதக்கூடாது, எழுதினால் செல்லாததாகலாம், சந்தேகமானவற்றைக் குழு கையுயர்த்தித் தீர்மானிக்கவேண்டும் என்று ஹெர் லோரென்ஸ் விதிப் புத்தகத்தை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்காவது இது என்னவென்று தெரியுமா?"

"பழக்கம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "எழுத முன்னர் சிலர் சிலுவை போடுவார்கள். செபம் மாதிரி."

"எந்தச் சிலர்?"

"கத்தோலிக்கர்."

"நானும் கத்தோலிக்கன்தான்" என்றார் ஹெர் லோரென்ஸ் உண்மையான குழப்பத்தோடு. "எழுபது வருடத்தில் ஒருநாளும் போட்டதில்லை."

சுவரோடு நின்றவர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, தொலைபேசியை எடுத்து எதையோ தட்டத் தொடங்கினார். அதற்குமேல் ஒரு சொல் சொன்னாலும் பதின்மூன்று பேரின் வாசல் அழைப்புமணிகளில் எழுதியுள்ள பெயர்களைச் சொன்னதுமாதிரி. செல்லும் என்று மூன்று கைகள் உயர்ந்தன. செல்லாது என்று மூன்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செல்லாது என்றால் எனக்குப் பிடிக்காத பதினொரு வாக்குகள் போய்விடும், என் பக்கம் இழப்பது இரண்டுதான். மறைப்புக்குப் பின்னால் போட்ட வாக்கை எண்ணுவதா என்று ஏழு பேர் முன்னால் கையைத் தூக்கித் தீர்மானிக்கவேண்டும், அந்தப் பதின்மூன்றில் ஒன்று அம்மாவுடையது. அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு திரிந்த நாட்டில் அல்ல, இங்கே, நாயோடு வந்து வாக்குப் போடுகிற நாட்டில். செல்லும் என்று கையைத் தூக்கினேன்.

ஆம் வென்றது. எங்கள் பதினொன்றையும் கழித்துப் பார்த்தேன், அப்போதும் வென்றது. அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் கழித்தேன்.

வீட்டில் அம்மா சோறு போட்டுத் தந்தபடி கேட்டார். "ஆர் வெண்டது?"

"பூட்டச் சொன்னவை."

"ம்." மீன் துண்டு ஒன்றை என் கோப்பையில் வைத்தார். "சாப்பிடு, காலமையில இருந்து சின்னக் கதிரையில இருந்தனீ." எதற்குப் போட்டார் என்று கேட்காமல் மீனில் முள் எடுத்தேன். மறுநாள் மாடிப்படியில் ஃபிரவ் ஹார்ட்மன் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்து, நாங்கள் வென்றுவிட்டோம் என்றார். இந்த நாட்டில் ஒரு அயலவர் எங்களையும் சேர்த்து நாங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா டாங்கே என்றார். எனக்கும் அதே சொல்தான் வாயில் வந்தது.

பள்ளிக்கூடம் பூட்டியபடியே கிடக்கிறது. நோட்டீசுகள் நிற்கவில்லை. போன சனிக்கிழமை அம்மா சாமான் வாங்க ஒரு துண்டு தந்துவிட்டார். தலையில் சிலுவை, அதன் கீழே அவருடைய சரிந்த எழுத்தில் வெங்காயம், பால், மீன், தேசிக்காய். கடையில் மரக்கறிப் பக்கம் நின்று வெங்காயத்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு, தற்செயலாகத் தாளைத் திருப்பினேன். புது நோட்டீஸ். எங்கள் தெருவின் பெயர் இருந்தது. பாலர் பாடசாலையில், தலையில் சிலுவை போட்டு ஒரே இரகசிய அடையாளமிட்ட பதின்மூன்று சீட்டுகளைச் செல்லும் என்று எண்ணினார்கள் என்று இருந்தது. கீழே பெரிய எழுத்தில் "யார் இவர்கள்?" பதினொரு பேர் தங்கள் பக்கம்தான் போட்டார்கள் என்பது அதில் இல்லை. அதைப் போய்ச் சொல்லவும் என்னால் ஏலாது. சொல்வதென்றால் முதலில் யார் என்று சொல்லவேண்டும்.

அம்மா அதை வாசித்துவிட்டுத்தான் பின்பக்கத்தில் எழுதினாரா தெரியவில்லை. ஃபிரவ் ஹார்ட்மன் தள்ளுவண்டியோடு எதிரே வந்துகொண்டிருந்தார், தூரத்திலேயே கையசைத்தார். பட்டியல் என் பக்கம் இருந்தால் "யார் இவர்கள்?" என்ற கேள்வி அவர் கண்ணில் படும். திருப்பிப் பிடித்தால் சிலுவை தெரியும். இன்னும் வாங்கவேண்டியவை இருந்தன. தாளை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல், வெங்காயத்துக்கும் தேசிக்காய்க்கும் நடுவில் நின்றேன்.