கைதட்டல் வாங்கிய வியாதி

அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் வேலை பார்த்தவளுக்கு ‘இன்னொருதடவை’ என்று பட்டப்பெயர். மாடியிலிருந்து ரத்தக் கறையோடு இறங்கும் கத்தரியும் இடுக்கியும் கழுவப்பட்டு அவள் மேசைக்கு வரும். விளக்கடியில் பிடித்துப் பார்த்து, தட்டில் அடுக்கி, துணியில் பொதிந்து நீராவி இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். பொதிந்த பிறகுதான் வினையே ஆரம்பிக்கும். கத்தரியின் மூட்டில் ஏதோ ஒட்டியிருந்ததோ? பிரிப்பாள். ஒன்றும் இருக்காது. பொதிவாள். இடுக்கியை ஒழுங்காகப் பார்த்தோமா? மறுபடி பிரிப்பாள். “இருங்க, இன்னொரு தடவை பாத்துட்டுத் தரேன்” என்று சொல்லிச் சொல்லி அதுவே அவள் பெயராகிவிட்டது.

மற்றவர்கள் கிளம்பிப் போன பின்னும் அவள் தட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். கண் எரியும், விரல் நுனி தோலுரியும். யார் வயிற்றிலோ அழுக்குக் கத்தரி இறங்குவதுபோல ஒரு படம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மேனேஜருக்கு இது பரம திருப்தி. சம்பளம் ஒன்று, வேலை இரண்டு என்றால் கசக்குமா? ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றி, கண்ணாடியில் செய்த கோப்பை ஒன்றைக் கையில் திணித்து, “எல்லாரும் இவங்கள மாதிரி இருக்கணும்” என்றார். கூட்டம் கைதட்டியது. ‘என் வியாதிக்குக் கைதட்டுது பார் இந்த மந்தை’ என்று நினைத்தபடி அவள் பல்லைக் காட்டினாள்.

வீட்டில் யாரும் கைதட்டவில்லை. வாசல் வரை போனவள் அடுப்பைப் பார்க்கத் திரும்புவாள், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே நிற்பாள். எலக்ட்ரீஷியனான அவள் கணவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், “ஒயர்ல கோளாறுன்னா ஆள் கூப்பிடுறோம்ல? இதுக்கும் ஆள் இருக்கு, வா” என்று மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். அவள் கத்தவில்லை. யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தாள் போல.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார், பயிற்சியும் சொன்னார். “ஒரு தடவை பாருங்க, விட்டுடுங்க. மனசு அடிச்சுக்கும், அடிச்சுக்கட்டும். வேலைய விட வேண்டாம். நீங்க பாத்து முடிச்ச தட்டு உடனே வேற ஆள் கைக்குப் போயிடணும், மறுபடி உங்ககிட்ட வரக்கூடாது. கொஞ்ச நாளைக்குத் தட்டும் குறைவா இருக்கட்டும். இத ஆபீஸ்ல சொல்லுங்க.”

சொன்னாள். ‘மனநலம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் மேனேஜரின் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி தானாகப் பின்னுக்கு உருண்டது.

“கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்களேன்மா. நோயாளிங்க பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“நீங்க மேடையில ஏத்தினப்ப நான் இதவிட மோசமா இருந்தேன் சார்.”

மேனேஜர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கூத்து. முதலில் ஒரு தியானப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள் விளக்கை மங்கலாக்கி, “கடல நினைச்சுக்கங்க” என்றாள். இவள் கடலை நினைத்தாள். வீட்டில் குழாயை மூடினோமா என்ற நினைப்பு கூடவே வந்தது. பிறகு நிறுவனத்தின் டாக்டர். கண்ணில் டார்ச் அடித்தார், எடை பார்த்தார், தயங்கித் தயங்கி, “கத்தரியெல்லாம் கையாள்றீங்க... பயமா இல்லையா?” என்று கேட்டார்.

“கத்தரிக்குத்தான் என்னைக் கண்டா பயம். அத்தனை தடவை புரட்டியிருக்கேன்” என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, மற்றதை மேனேஜர் முடிவு செய்யட்டும் என்றார். மேனேஜரோ டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். சூடான பாத்திரத்தைக் கை மாற்றுவதுபோல இரண்டு பேரும் அவளை மாற்றிக்கொண்டிருக்க, அவள் வீட்டில் உட்கார்ந்து அடுப்பைக் காவல் காத்தாள். வேலை இல்லாத நாளில் சந்தேகத்துக்கு நேரம் ஏகம். வியாதி கொழுத்தது.

கடைசியில் டாக்டரம்மாவே நேரில் வந்தார். மேனேஜரின் அறையில் கூட்டம். கருவி கழுவுகிறவரையும் கூப்பிட்டிருந்தார்கள். மூக்குமேல் கோபத்தோடு அலையும் மனிதர். இவளோடு என்றுமே ஒத்துப்போனதில்லை. டாக்டரம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார்: இவருக்கு வேலை செய்யத் தகுதி இருக்கிறது, ஏற்பாடுதான் வேண்டும், ஒரு மாதம் கழித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

“யார் அந்த வேற ஆள்? எவன் ஒத்துக்குவான்?” என்றார் மேனேஜர், வழி அடைத்துவிட்ட தெம்பில்.

“நான் வாங்கிக்கிறேன்” என்றார் கழுவுகிறவர். “தெனமும் இந்தம்மா பிரிக்கிற துணிய நான்தானே மறுபடி மடிக்கிறேன்.”

“உங்களுக்குப் பயமா இல்லையா?”

“மூளை இருக்கிறவங்களுக்குத்தான் சார் அது மக்கர் பண்ணும். நீங்க பயப்பட வேண்டாம்.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று மேனேஜர் யோசிப்பதற்குள் டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். “சரி, ஆனா விஷயம் வெளிய போகக்கூடாது” என்று மேனேஜர் முனகினார். அன்று மத்தியானமே அவள் சாப்பாட்டு மேசையில் எல்லாரிடமும் தானே சொல்லிவிட்டாள். இவர்கள் கிசுகிசுக்க அவள் எதற்குத் தீனி போட வேண்டும்?

முதல் தட்டை ஒரு தடவை பார்த்தாள், பொதிந்தாள், தள்ளினாள். கழுவுகிறவர் அதை எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போனார். அவளுக்கு நெஞ்சு படபடத்தது.

“அண்ணே, சரியா இருந்துச்சா?”

“தெரியாது.”

“சும்மா சொல்லுங்கண்ணே.”

“சொல்லக்கூடாதுன்னு டாக்டரம்மா உத்தரவு. அடுத்தத எடு.”

“நீயெல்லாம் ஒரு மனுஷனா?” என்றாள். அவர் காது கேளாதவர்போலத் துணியை மடித்தார். அவள் அவரது ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே அடுத்த கத்தரியை எடுத்தாள். திட்டி முடிக்கும்போது படபடப்பு பாதி இறங்கியிருந்தது. இது அவளுக்கே ஆச்சரியம்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்கப் போன சமயத்தில் ஒரு பொதியைப் பிரித்துவிட்டு, திருடிபோல முழித்தாள். அவர் அதை வாங்கித் தானே பொதிந்தார். சில வாரங்களில் மத்தியானச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட ஆரம்பித்தாள். மற்றவர்கள் கிளம்பும்போது கிளம்பினாள்.

இப்போது எல்லாரையும்போல அவளும் ஒரு சம்பளத்துக்கு ஒரு வேலைதான் பார்த்தாள். மேனேஜருக்கு அதில் சற்று வருத்தம். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்தவர். மேலதிகாரிகள் வரும் நாளில், ஊழியர் மனநலத்தில் நிறுவனம் காட்டும் அக்கறை பற்றி அவளைப் பேசச் சொன்னார்.

“பேசுறேன் சார். நீங்க நாற்காலிய உருட்டினதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன், பரவாயில்லையா?”

கூட்டத்தில் அவரே பேசிக்கொண்டார். அவள் கீழே கத்தரியை ஒரு தடவை பார்த்து, பொதிந்து, தள்ளினாள்.