டீக்கடைச் சுவரில் வெயில்

குமணன்சாவடியில் நான் வந்த பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். எதிர் டீக்கடைச் சுவரில் ஒரு கிராமத்து ஓவியம். வரப்புகள் ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் வந்திருக்கின்றன. ஏரித் தண்ணீரில் மஞ்சள் வெயில் நடுங்குகிறது. வானத்தில் மட்டும் வட்டமாக ஒரு வெள்ளை. சூரியனைக் காட்டாமலே வெயிலைக் காட்டிய துணிச்சலைக் கடைக்காரரிடம் பாராட்டுகிறேன்.

"சூரியன் இருந்திச்சு சார். எலக்சன் வந்திச்சா, சின்னம்னு சொல்லி ஆபீசருங்க சுண்ணாம்பு அடிச்சிட்டுப் பூட்டாங்க."

"மீதியை விட்டுட்டாங்களா?"

"வாழக்கன்னுல ரெண்டு இலை இருந்திச்சு. அதுவும் சின்னமாச்சே. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள நானே பெயின்டர இட்டாந்து மூணாக்கிட்டேன்."

கிட்டே போய்ப் பார்க்கிறேன். இரண்டு இலைகளின் விளிம்பில் வெயில் மெல்லிய கோடாக ஓடுகிறது. மூன்றாவதற்கு வந்து சேரவில்லை.