மூன்றாவது ஆள்

ஹாய்ட் க்ராப்ட்ரீ முப்பத்தொரு வருடம் தபால் வண்டி ஓட்டினார். ஓய்வுபெற்ற பிறகு, மாவட்டம் போன்ற தன் கவுண்டியில் ஜனநாயகக் கட்சிக்குத் தலைவரானார். ஆனார் என்பதைவிட, பழைய தலைவர் செத்தபோது அலுவலகச் சாவி இவர் சட்டைப்பையில் இருந்தது என்பதே சரி.

அவருடைய அப்பா காலத்தில், அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தின் அந்த மூலையில், கட்சி வேட்பாளரை மக்கள் தேர்ந்தெடுக்கும் மே மாத உட்கட்சித் தேர்தல்தான் தேர்தல். ஜனநாயகக் கட்சிக்குள் ஜெயித்தவன் ஜெயித்தான். நவம்பர் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. இப்போதும் மே மாதமே எல்லாம் முடிந்துவிடுகிறது, ஆனால் ரிபப்ளிகன் கட்சிக்குள். கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரீஃப் அந்தக் கட்சிக்குப் போனார், வரி வசூலிப்பவர் போனார். கடைசியாகப் போனது நெல்டா. பதினாறு வருடமாக நீதிமன்றப் பதிவாளர்; ஹாய்டின் மனைவி.

“மாறலைன்னா என் நாற்காலி போயிடும், ஹாய்ட்,” என்றாள், சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே. “பத்திரம் பதியறதுல என்னய்யா கட்சி?”

வாசல் புல்லில் அவளுடைய சிவப்பு ரிபப்ளிகன் பலகையை ஹாய்டேதான் அடித்து நட்டார்.

மே மாத வாக்குப்பதிவு பாப்டிஸ்ட் தேவாலயக் கூடத்தில் நடந்தது. எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று மேசை முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒன்றுதான் கிடைக்கும். சொன்னது பெயருக்கு நேரே பதிவாகும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த கட்சியின் சீட்டை வாங்கிய தலைவர் தலைவராக இருக்க முடியாது என்பது கட்சி விதி. நெல்டாவின் பெயர் இருந்தது அந்த அடுத்த சீட்டில்.

“எந்தக் கட்சி, ஹாய்ட்?” என்றாள் மேசையில் சீட்டுக் கொடுக்கும் வில்மா.

“உனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா நீதான் சொல்லணும். சட்டம்.”

“நெல்டா வந்தாளா?”

“காலையில முதல் ஆளே அவதான். பேச்சை மாத்தாதே.”

“பொண்ணா பாக்கறே? சீட்டைத்தானே கேக்கறாங்க!” என்றது வரிசையில் ஒரு குரல்.

ஜனநாயகக் கட்சியின் வாக்குச்சீட்டுக் கட்டு அநேகமாக அப்படியே இருந்தது. ஹாய்ட் அதைப் பார்த்துக்கொண்டே, “ரிபப்ளிகன்” என்றார். வேறு யாரோ சொன்னதுபோலிருந்தது. வில்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

வெளியே வண்டியில் நெல்டா காத்திருந்தாள்.

“உனக்குத்தான் போட்டேன்,” என்றார்.

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். “நான் போடலை.”

“என்னது?”

“வில்மா கேட்டா. நாப்பது வருஷமா சொன்ன ஜனநாயகக் கட்சியையே வாய் சொல்லிடுச்சு. மாத்திக் கேக்கலாம்னா பின்னாடி பத்திரிகைக்காரர். தன் கட்சி எதுன்னே தெரியாத வேட்பாளர்னு எழுதிடுவார். பேசாம வாங்கிட்டேன்.”

“அதுல யார் இருந்தா?”

“யாரோ ரெண்டு பேர், தலைநகர் லிட்டில் ராக் ஆளுங்க.”

இருவரும் சிரிக்க முயன்றார்கள். வரவில்லை.

நெல்டா முந்நூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். யார் எந்தச் சீட்டு வாங்கினார்கள் என்கிற பட்டியலும் வந்தது. அடுத்த வியாழக்கிழமை விதைக் கடைக்குப் பின்னாலிருந்த கட்சி அலுவலகத்துக்கு ஹாய்ட் ராஜினாமாக் கடிதத்தோடு போனார். இரண்டு பேர் இருந்தார்கள். காது மந்தமான விவசாயி ஆர்வில். எழுபத்து நாலு வயதுச் செயலாளர் மிஸ் ஒடெஸா; கறுப்பினப் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளியில் தொடங்கி முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்.

கடிதத்தைப் படித்துவிட்டு மிஸ் ஒடெஸா கண்ணாடியைக் கழற்றினார்.

“கூட்டம் நடத்த எத்தனை பேர் வேணும், ஹாய்ட்?”

“மூணு பேர், மிஸ் ஒடெஸா.”

“எண்ணிப் பாரு.”

“ஆனா விதி...”

“கறுப்பன்னு எங்கப்பாவை ஓட்டுச்சாவடி வாசல்லயே நிறுத்தி வச்ச கட்சி இது. நானே இன்னும் இங்க உக்காந்திருக்கேன். நீ ஒரு சீட்டுக்காகப் போறியா? இதை எடுத்துப் பைக்குள்ள வை.”

“என்ன சொல்றாங்க?” என்றார் ஆர்வில்.

“தலைவர் தப்பு பண்ணிட்டாராம். நமக்கு வேற ஆள் இல்லைன்னு சொல்றேன்,” என்று மிஸ் ஒடெஸா கத்தினார். பிறகு ஹாய்டின் பக்கம் திரும்பினார். “உன் பெண்டாட்டி நம்ம சீட்டு வாங்கினாளாமே. அடுத்த வாட்டி அவளையும் கூட்டிட்டு வா. நாலு பேராவோம்.”

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று ஹாய்டுக்குப் பிடிபடவில்லை. கடிதத்தை மடித்தார். வந்தவர்கள் மூன்று பேர் என்று மிஸ் ஒடெஸா குறிப்பேட்டில் எழுதும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.