மாடிப்படியில் அடுக்கிய நாற்காலிகள்

முன்பொரு வெள்ளத்தில் எங்கள் டயாலிசிஸ் சென்டரின் மெஷின்கள் எல்லாம் சேற்றில் குளித்தன. அதற்குப் பிறகு அத்தனையையும் முதல் மாடிக்கு ஏற்றினோம். ஜெனரேட்டர் மொட்டைமாடிக்குப் போனது. கீழே வரவேற்பறை மட்டும். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களை மாதிரி யார் தயாராக இருக்கிறார்கள் என்று மேனேஜர் மார்தட்டிக்கொள்வார். அங்கே நர்ஸாக இருந்த நானும் சேர்ந்து தட்டிக்கொண்டேன்.

ஒத்திகைகூட உண்டு. தீ என்று மணி அடித்ததும் நோயாளியை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்க வேண்டும். நோயாளி வேஷம் எப்போதும் எனக்குத்தான், இருப்பதிலேயே நான்தான் ஒல்லி. இறக்கி முடித்ததும் கைதட்டல், டீ, சமோசா.

அந்த மழைக்கு ரெட் அலர்ட் வந்ததும் நோயாளிகளை ஒருநாள் முன்னதாகவே வரச்சொல்லிப் போன் செய்தேன். அஸ்தினாபுரத்து ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் மட்டும் சிரித்தார். "ரெட் அலர்ட்னு சொன்னாலே வெயில் அடிக்கும், சிஸ்டர். நான் என் நாள்லயே வர்றேன்."

இந்த முறை வெயில் அடிக்கவில்லை. வாசலில் தண்ணீர் ஏறியதும் கீழே இருந்த சாமான்களைக் காப்பாற்றினோம். புது சோபா, இரும்பு நாற்காலிகள், அட்டைப்பெட்டிகள், எல்லாம் மாடிப்படியில். லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கியதால் லிஃப்டையும் நிறுத்தினோம். பெரிய வேலை முடிந்த திருப்தியோடு மேலே போய் உட்கார்ந்தோம்.

வாத்தியாரின் நாள் வந்தது, போனது. மறுநாள் காலை ஒரு டிராக்டரில் அவரைக் கொண்டுவந்தார் அவர் மனைவி. உடம்பெல்லாம் நீர் கோத்து, பேச்சுக்குப் பதில் மூச்சுதான் வந்தது. ஏற்கெனவே ஆஜானுபாகுவான மனிதர். உடனே மெஷினில் போடாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"லிஃப்ட் இல்லியா, சிஸ்டர்?" என்று கேட்டார் அவர் மனைவி.

நான் படியைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆள் போக வழியே இல்லை. நாங்களேதான் அடைத்து வைத்திருந்தோம்.

நாற்காலிகளைத் தண்ணீரில் வீசினோம். சோபாவைத் தள்ளிவிட்டது மேனேஜர்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது, யார்மேல் காட்டுவது? வாத்தியாரை வீல்சேரோடு தூக்கினோம். என்னைத் தூக்கிப் பழகிய கைகள், அதுவும் கீழே இறக்கி மட்டும். சில படிகளிலேயே நழுவின. படி திரும்பும் இடத்தில் வீல்சேர் திரும்பவும் இல்லை.

கடைசியில் அவரைப் படியிலேயே உட்காரவைத்தோம். உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். மனைவி மேலே நின்று அக்குளில் கைகொடுத்து இழுத்தார். மேனேஜரும் நானும் கீழிருந்து தள்ளினோம்.

"போதும்... விட்டுடு..."

"விடமாட்டேன். இன்னும் ஒரு படி. காலை ஊனுங்க." மனைவி இழுப்பதை நிறுத்தவில்லை.

கர்த்தரே, கர்த்தரே என்று முனகிக்கொண்டே தள்ளினேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கைக்குள்ளேயே போய்விடுவார் என்றுதான் பயந்தேன்.

ஏற்றிவிட்டோம். மெஷின் ஓடியது. மதியத்துக்குள் மூச்சு சீராகி அவர் தூங்கிப்போனார். அந்த அம்மா ஜன்னலோரம் நின்று மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். இழுத்து இழுத்து அவர் விரல்கள் மடங்காமல் நின்றன.

"அடுத்தது நாளன்னிக்குத்தானே, சிஸ்டர்?"

தலையாட்டினேன்.

தூங்குகிறாரா என்று கணவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இவரைக் கீழ இறக்காதீங்க. இன்னொரு தடவ என்னால இழுக்க முடியாது."