மதுரையில் ஊற்றிய சொதி

கல்யாணமான புதிதில் என் மனைவி திருநெல்வேலியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியை மதுரையில் அவள் பிறந்த வீட்டில்கூட ஒருவரும் மறக்கவில்லை. சாப்பாட்டை முடித்துவிட்டு வாசலில் போய் நின்றாள். மணி எட்டரைகூட இருக்காது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தியாயிற்று. தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துவிட்டு, "எங்கிட்டுப் போயிட்டாய்ங்க எல்லாரும்?" என்றாள். விடிய விடிய இட்லிக் கடை திறந்திருக்கும் மதுரையிலிருந்து வந்தவள் வேறு என்ன கேட்பாள்.

"நல்ல தண்ணி குடிச்சா நேரத்தோட தூக்கம் வரும்" என்றேன் நான்.

அன்று தொடங்கிய சண்டை அவள் இருந்தவரை ஓயவில்லை. அவளுக்கு மதுரையைத் தவிர மற்றதெல்லாம் பட்டிக்காடு. எனக்கோ தாமிரபரணி ஓடாத ஊரெல்லாம் வறண்ட காடு. வைகையைப் பற்றி நான் வாயைத் திறந்தால் அவள் கோபுரத்தைப் பற்றி ஆரம்பிப்பாள். எங்கள் ஊர் ஆனித் தேரை நான் இழுத்துவந்தால் அவள் சித்திரைத் திருவிழாவைக் கொண்டுவந்து நிறுத்துவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தத்துக்கு இரண்டு ஊர்கள் இருந்தன.

மதுரையில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனால் சண்டை இன்னும் பெரிதாகும். அங்கே தலைமை அவளுடைய அண்ணன், என் மச்சான். நான் எப்போது போனாலும் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோவேன். எங்கள் ஆற்றுத் தண்ணீர். எனக்கு வேறு தண்ணீர் குடித்தால் தொண்டை கட்டும், அல்லது கட்டுவதாக நான் சொல்லிக்கொள்வேன். பாட்டிலைக் கண்டதும் மச்சான் வீட்டிலுள்ள எல்லாரையும் கூப்பிடுவார். "தீர்த்தம் வந்துருச்சு, எல்லாரும் வந்து தலையில தெளிச்சுக்கங்க." மாப்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு தேவையா.

ஆனால் அவருக்கு உண்மையான ஆயுதம் சொதி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து என்றால் சொதிதான். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, பச்சை மிளகாய் காரத்தில், எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குவது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் திருநெல்வேலிக்கு வந்த மதுரைக் கூட்டம் இலையில் ஊற்றிய அந்த வெள்ளைக் குழம்பை வெறித்துப் பார்த்தது. "விருந்துக்குக் கூப்ட்டுட்டு காய்ச்சக்காரனுக்கு ஊத்துறத ஊத்துறாய்ங்க" என்று மச்சான் சொன்னது சமையல்கட்டுவரை கேட்டது. என் அத்தைமார் இரண்டு பேர் அதற்காக அவரோடு பல வருஷம் பேசவில்லை.

போன வருஷம் அவள் இறந்துபோனாள். அதைப் பற்றி விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை. அதன் பிறகு பேப்பரில் மதுரைக்குப் பாலம் வருகிறது, ரோடு வருகிறது என்று எதையாவது பார்த்தால் பழக்கத்தில் சத்தமாக வாசித்துவிடுகிறேன். அடுக்களையில் பதிலுக்கு ஒரு பாத்திரம்கூட உருளாது. கோபமாக வரும். யார்மேல் என்று தெரியாது.

சமீபத்தில் மச்சானின் இளைய மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அவரே நேரில் வந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. குடித்த தண்ணீரைக்கூட நன்றாக இருக்கிறது என்றார். அவர் போன பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் வழியாகத்தான் எனக்கு அந்த வீடு. அவள் இல்லாமல் அங்கே நான் யார்? கேலி செய்தால் மாப்பிள்ளை. மரியாதை மட்டும்தான் என்றால் விருந்தாளி. விருந்தாளியை ஒரு தடவை கூப்பிடுவார்கள், இரண்டு தடவை கூப்பிடுவார்கள், பிறகு மறந்துபோவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாளே போனேன். வேண்டுமென்றே பெரிய பாட்டிலாக எடுத்துப்போய்க் கூடத்து மேஜையில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். மச்சான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சாப்ட்டீங்களா மாப்ள?" என்றார். கல்யாணப் பெண் ஓடிவந்து, "மாமா, ஒங்க ஊருத் தண்ணி தனி ருசி, எனக்குக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிக் குடித்தாள். சின்ன வயதில் இதே தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று துப்பியவள். அவள் குடித்து முடிக்கும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விட்டேனா. சாயங்காலம் உறவுக்காரர்கள் நிறைந்திருந்த நேரத்தில், "என்ன மச்சான், வைகையில நடந்தா செருப்புல தூசி ஒட்டுது" என்று வம்புக்கு இழுத்தேன். முன்னாளில் என்றால் வீடே என்மேல் பாய்ந்திருக்கும். "ஆமா மாப்ள, ஒங்க ஊரு மாதிரி வருமா" என்றார். சுற்றி இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். அத்தனை பேர் நடுவில் அவ்வளவு தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை. சண்டைக்குக்கூட ஆகாதவனாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பாருக்கு முன்னால் மச்சானே ஒரு வாளியோடு வந்தார். பட்டுவேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "மாப்ளைக்காகச் சொல்லிச் செஞ்சது" என்று என் இலையில் ஊற்றினார். சொதி. மதுரைக் கல்யாணத்தில், மதுரைச் சமையல்காரர் வைத்த சொதி. அதில் தக்காளி மிதந்தது. பட்டை, கிராம்பு வாசம் ஆளைத் தூக்கியது. எங்கள் ஊரில் இதைச் சொதி என்று இறக்கினால் சமையல்காரர் ஊர் திரும்ப முடியாது. அக்கம்பக்கத்து இலைக்காரர்கள் எல்லாரும் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்தார்கள். மச்சான் வாளியோடு நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"நல்லா இருக்கு மச்சான்" என்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு அவரும் என்னோடு ஆட்டோவில் வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கீழே நின்றார். இந்த மரியாதையோடேயே கிளம்பிவிட்டால் இனி இந்த ஊருக்கு வர ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"மச்சான், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடக் கூடாது."

"சொல்லுங்க மாப்ள."

"பந்தியில ஊத்துனது சொதி இல்ல. குருமா."

அவர் என்னையே பார்த்தார். முகம் சிவந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"எந்தங்கச்சி மொகத்துக்காக இத்தனை வருசமா ஒங்க கஞ்சிய முழுங்குனேன்" என்றார். "இன்னைக்குத்தான் மொத மொதல்ல அது வாய்க்கு வெளங்குச்சு. அதுலயும் குத்தமா?"

"தக்காளி போட்டா அதுக்குப் பேரு சொதியா? பட்டை வேற. உங்க ஊருல பாயசத்துக்கும் பட்டை போடுவாவ போல."

"பட்டைனு ஒண்ணு இருக்குன்னு ஒங்க ஊர்ல யாருக்காவது தெரியுமாய்யா?"

டிரைவர் ஏறிவிட்டார். மச்சான் நிறுத்தவில்லை. எங்கள் இஞ்சித் துவையல், என் அத்தைமார், என் தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே நின்றார். கண்டக்டர் விசிலடித்து பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடந்து வந்தார். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். பக்கத்து சீட்காரர் எங்களுக்குள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்.

நான் வீடு வந்து பூட்டைத் திறக்கும்போது லேசாகத் தூறல். எட்டு மணி. உள்ளே போய் விளக்கைப் போட்டேன், போன் அடித்தது.

"போய்ச் சேந்தாச்சா?" மச்சான்தான்.

"சேந்தாச்சு."

"ஊரு முழிச்சிருக்கா?"

வாசலுக்கு வந்து பார்த்தேன். ஈ காக்கா இல்லை. "ஒரே கூட்டம் மச்சான். வீட்டுக்கு வர வழியில்ல" என்றேன்.

"எங்க, சத்தத்தைக் காட்டுங்க பாப்பம்."

போனைத் தெருவுக்கு நேராக நீட்டிப் பிடித்தேன். தூறல் விழுகிற சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் காதில் வைத்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்திருந்தார். சிரித்துக்கொண்டே அவளைப் போலவே கேட்டார்.

"எங்கிட்டுப் போயிட்டாய்ங்க எல்லாரும்?"

அவர் காத்திருந்தார்.

"நல்ல தண்ணி குடிச்சா நேரத்தோட தூக்கம் வரும் மச்சான்" என்றேன்.